கேன்சல் மிஸ் கேட்டும் கேளாதது

அந்தத் தொடக்கப் பள்ளியில் அவளுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் மனநல ஆலோசகர். கதவில் அப்படித்தான் பலகை தொங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வாயில் நுழையவில்லை. பெரியவர்கள் 'கவுன்சலிங் மிஸ்' என்று சொல்வதைக் காதில் வாங்கி, 'கேன்சல் மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்துக் கணக்குப் பாடம் கேன்சல். பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் பியூனே டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "கேன்சல் மேடம், ஆறிடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நேராக இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பல வருஷம் ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். பகலெல்லாம் துணி பிரித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தபால் வழியில் உளவியல் படித்தாள். "கட்டிக்கிட்டவனைப் புரிஞ்சுக்கவா இவ்வளவு படிப்பு?" என்று கேலி பண்ணிய கணவர், பரீட்சை வந்தால் தானே அடுப்படிக்குப் போய் ஏதாவது கிண்டி வைப்பார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடையில் கற்ற ஒரு விஷயம் அவளுக்குப் பள்ளியிலும் கைகொடுத்தது. வாய் திறக்காத வாடிக்கையாளரிடம் "என்ன வேணும், என்ன வேணும்" என்று நச்சரித்தால் எழுந்து போய்விடுவார். துணியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டுவிட்டு, வேறு பக்கம் திரும்பி எதையாவது மடித்துக்கொண்டிருந்தால், அவரே தொட்டுப் பார்ப்பார்.

காலையில் அவளுடைய வேலை கேட்டில் தொடங்கும். அம்மா கையை விடமாட்டேன் என்று கதறுகிற பிள்ளையிடம் போய், "இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கயேன், எனக்குக் கை வலிக்குது" என்பாள். பிள்ளை ஒரு கையால் பையை வாங்கும். பை கனமாக இருக்கும். இன்னொரு கையும் தேவைப்படும். அம்மாவின் கை தானாக விடுபட்டுவிடும். அதற்குப் பிறகு கடித்தவன், கடிபட்டவன், பென்சில் திருடியவள், வீட்டில் அப்பா வேறு வீடு பார்த்துப் போய்விட்டதால் பாடப் புத்தகத்தைத் திறக்க மறுக்கிறவன் என்று ஒவ்வொருவராக வருவார்கள்.

அவளுடைய அறை ஒரு காலத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்த இடம். ஒரு பக்கம் நூலகம், மறுபக்கம் தண்ணீர்க் குழாய்கள். ஜன்னல் ஒன்று; ஃபேன் கிடையாது. அந்த அறையின் சுவரில் அவள் பிள்ளைகளின் பயத்தை அளந்தாள். "உன் பயம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டு சாக்பீஸைக் கையில் கொடுப்பாள். நாய்க்குப் பயந்த ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று கோடு போட்டான். சில வாரம் கழித்து அதே நாய் அவன் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. கோபம் வருகிறவர்களுக்கு ஒரு கயிறு வைத்திருந்தாள். எத்தனை கோபமோ அத்தனை முடிச்சு. போட்ட முடிச்சை அவர்களேதான் அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதற்குள் பாதிக் கோபம் மறந்துபோகும். அடிதடி பண்ணியவர்களுக்குக் 'கிழிந்த புத்தக ஆஸ்பத்திரி' என்று ஒன்று நடத்தினாள். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு டேப் ஒட்டிக் கட்டுப் போட வேண்டும். ஒருவனுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போய், மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதற்காகவே அடுத்த வாரம் பக்கத்து பெஞ்சுக்காரனை ஒரு குத்துக் குத்திவிட்டு வந்து நின்றான்.

இப்படிச் சிரிப்பும் சலிப்புமாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். பள்ளியில் அவள் பேசவே மாட்டாள். வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். கால் இடறி விழுந்து முழங்கை சிராய்த்தபோதுகூட அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. வகுப்பாசிரியரான கணக்கு டீச்சர் அம்மாவை வரவழைத்துக் கேட்டார். அம்மா தையல்கடை வைத்திருப்பவள். "வீட்டுல இவளுக்கு வாயாடின்னு பேரு டீச்சர். வாயை மூடுடின்னு நான் கெஞ்சுவேன். வாசப்படி தாண்டினா பூட்டுப் போட்ட மாதிரி ஆயிடுறா" என்றாள். கணக்கு டீச்சர் நம்பவில்லை. கேன்சல் மிஸ் நம்பினாள். வீட்டில் வாயாடியாகவும் வெளியே பயத்தில் வாயடைத்துப்போயும் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி அவள் படித்திருந்தாள்.

அறையில் நகர்த்த முடியாத ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றிரண்டு சிறு பிள்ளைகள் நுழைந்து உட்காரும் அளவுக்கு இடம். வாயாடி வந்த முதல் நாளே அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கேன்சல் மிஸ் வெளியே வா என்று சொல்லவில்லை. இரண்டு காகிதக் கப்பை எடுத்து, அடியில் துளை போட்டு, நூலைக் கோத்து முடிச்சிட்டாள். ஒரு கப்பை அந்தச் சந்தின் வாயில் வைத்தாள். இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

முதல் சில வாரங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் நூல் இழுபட்டு விறைத்தது. அந்தப் பக்கம் யாரோ கப்பை நகத்தால் சுரண்டினார்கள். கேன்சல் மிஸ்ஸும் சுரண்டினாள். சுரண்டல் தட்டலாயிற்று. அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டாயிற்று: இரண்டு தட்டு என்றால் சரி, ஒரு தட்டு என்றால் வேண்டாம். "இன்னைக்கு விளையாடினியா?" இரண்டு தட்டு. "கணக்கு டீச்சர் திட்டினாங்களா?" ஒரு தட்டு. அப்புறம் கப்பில் ஊதுகிற காற்று வந்தது. அதற்கப்புறம் ஒரு முனகல். ஒரு மழை நாளில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், நூல் வழியாக முழு வாக்கியமே வந்தது.

"மிஸ், உங்க செருப்பு பிஞ்சிருக்கு."

கேன்சல் மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் எல்லாம் போய்விடும் என்று தெரியும். காலை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட ஆமா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "உலகத்துலயே செருப்பு பிஞ்சதுக்குச் சந்தோஷப்படுற ஒரே ஆளு நீதான்" என்றார் அவர்.

அதன் பிறகு வாயாடியோடு கூட ஒரு தோழியும் சந்துக்குள் உட்கார அனுமதி கிடைத்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் அவளை எல்லோரும் ஓட்டைப்பல்லி என்றார்கள். ஓட்டைப்பல்லியின் காதில் வாயாடி கிசுகிசுத்தாள். அடுத்து அந்தக் கிசுகிசுப்பை வகுப்பறை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அவசரமே படக் கூடாத கட்டம் அது.

அப்போதுதான் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தலைமையாசிரியையைப் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கெட்டவர் இல்லை; எப்போதும் எதையாவது காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தவர்.

"உக்காரும்மா. நிர்வாகக் கமிட்டி வருது. எந்தப் போஸ்ட் வேணும், எந்தப் போஸ்ட் வேண்டாம்னு பார்க்கப் போறாங்க. நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. கண்ணுல காட்டணும்."

"சுவரைக் காட்டலாம் மேடம். கயிறு இருக்கு, புத்தக ஆஸ்பத்திரி இருக்கு."

"அதெல்லாம் சரி. அந்தப் பேசாத பொண்ணு பேசுறாளாமே? அதைக் காட்டு. அதுக்கு மேல யாரு என்ன சொல்ல முடியும்?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் 'போஸ்ட் வேண்டாம்' என்ற வார்த்தை அதைத் தடுத்துவிட்டது. அது மட்டும் இல்லை, இன்னொன்றும் இருந்தது. அதைப் பின்னால் அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. ஆசிரியர் அறையில், 'இவங்களுக்கென்ன, பிள்ளைகளோட விளையாடிட்டுச் சம்பளம்' என்று ஜாடையாகப் பேசியவர்கள் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. "பொண்ணுகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்று எழுந்து வந்தாள்.

மறுநாள் நூல் வழியாகக் கேட்டாள். "இங்கே சில பேரு வருவாங்க. நாம பேசுறதை அவங்களும் கேட்டா பரவாயில்லையா?"

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு தட்டு வந்தது.

கேன்சல் மிஸ் காத்திருந்தாள். இன்னொன்று வரும் என்று காத்திருந்தாள். குழாயடியில் யாரோ பாட்டில் நிரப்புகிற சத்தம். அந்தச் சத்தத்தில் இரண்டாவது தட்டு கேட்காமல் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளும்போதே அது பொய் என்று தெரிந்தது. மறுபடி ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயாடியின் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரின்னுட்டா மேடம்" என்று பெரிய டீச்சரிடம் சொன்னாள்.

கமிட்டி வந்த அன்று அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லை. பெரிய டீச்சர், கணக்கு டீச்சர், கமிட்டி ஆட்கள், பின்னால் எட்டிப் பார்க்கும் பியூன். வாயாடி பீரோவுக்குப் பின்னால் இருந்தாள். கேன்சல் மிஸ் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்து, கப்பைக் காதில் வைத்தாள். "நான்தான். உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பேசு. பேசாட்டியும் பரவாயில்ல" என்றாள். நூல் தொய்ந்தே கிடந்தது.

கமிட்டியில் பெரியவராக இருந்தவர் நல்ல மனசோடுதான் செய்தார். "பாப்பா கூச்சப்படுது போல. இங்க குடுங்க" என்று அவள் கையிலிருந்து கப்பை வாங்கி, வாயில் வைத்து, "பாப்பா, உன் பேரு என்ன? தாத்தாகிட்ட சொல்லு பார்ப்போம்" என்று சத்தமாகக் கேட்டார். இன்னொருவர் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பீரோவுக்கு அடியிலிருந்து மெல்ல ஈரம் கசிந்து வந்தது. முதலில் பார்த்தது கேன்சல் மிஸ்தான். யோசிக்க நேரமில்லை. மேஜை மேலிருந்த தண்ணீர் ஜாடியைத் தட்டிவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர். "ஐயோ, சாரி, சாரி, வெளியே போயிடுங்க, வழுக்கும்" என்று எல்லோரையும் கைகாட்டி வெளியே அனுப்பினாள். அவர்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே போனார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வாயாடிக்கு எல்லாம் தெரியும். சந்துக்குள் எட்டிப் பார்த்தபோது, அவள் காகிதக் கப்பை இரண்டு கையாலும் நசுக்கி வைத்திருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

கமிட்டி அந்தச் சுவரிலேயே சொக்கிப்போய்விட்டது. பயத்தை அளக்கிற யோசனை அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போஸ்ட் நிலைத்தது. போதாததற்கு அறைக்கு ஒரு ஃபேனும் மாட்டச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிவிட்டுப் போனார். கேன்சல் மிஸ் அந்த சுவிட்சைத் தொடவில்லை. வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தாள். "புது ஃபேன் இருக்கே, ஏன் மிஸ் போடல?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "சத்தம் வரும்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு வாயாடி பள்ளிக்கு வரவில்லை. அம்மாதான் வந்தாள், தோளில் இஞ்சு டேப் தொங்க, கடையிலிருந்து அப்படியே.

"என்ன நடந்துச்சு டீச்சர்? எங்கிட்டகூட அவ பேசல. வீட்டுலயே பேசல. இப்படி இருந்ததே இல்ல."

கேன்சல் மிஸ் அன்று அறையில் நடந்ததைச் சொன்னாள். கமிட்டியை, செல்போனை, ஈரத்தை. எதையும் மழுப்பவில்லை.

"அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"வேண்டாம்னு சொன்னா."

அம்மா அந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப கேக்காமலே இருந்திருக்கலாம் டீச்சர்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் கேன்சல் மிஸ்ஸை விடவில்லை. பஸ்ஸில் வரும்போதும், பாத்திரம் கழுவும்போதும் கூடவே வந்தது. "தப்பு பண்ணாத ஆளு யாரு, விடும்மா" என்றார் கணவர். அவளும் பிள்ளைகளிடம் அதையேதான் சொல்வாள்: தப்புப் பண்ணாத ஆள் இல்லை, சரி பண்ணலாம் என்று. இப்போது அது வாயில் போட்டுத் துப்பிய சக்கை மாதிரி இருந்தது. "கம்ப்ரஸர் போனா மாத்திடுவீங்க. இது அப்படி இல்லைங்க" என்றாள். அவர் எழுந்து, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார்.

சனிக்கிழமை அவள் தையல்கடைக்குப் போனாள். அம்மா மிஷினை நிறுத்தாமலே, "அவகிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

"கேக்க வரல. சொல்லிட்டுப் போயிடுறேன்."

வாயாடி துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில், வெட்டி விழுந்த துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கேன்சல் மிஸ் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். கையில் கப்பும் இல்லை, கயிறும் இல்லை. வழியில் அவள் யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"நான் கேட்டேன். நீ வேண்டாம்னு தட்டினே. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி நடிச்சேன். என் வேலை போயிடும்னு பயம். எல்லாரும் என்னைப் பாராட்டணும்னு ஆசை. உன்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. மன்னிச்சுட்டேன்னு நீ சொல்ல வேண்டாம்."

வாயாடி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாள். மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கேன்சல் மிஸ் எழுந்து, முழங்காலில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பேசிட்டா டீச்சர்."

"என்ன சொன்னா?"

அம்மா தயங்கினாள். "'அந்த மிஸ் போயாச்சா'ன்னு கேட்டா."

கேன்சல் மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

வாயாடி பள்ளிக்குத் திரும்பி வந்தாள், ஆனால் அந்த அறைக்கு வரவில்லை. கேன்சல் மிஸ் கணக்கு டீச்சரைத் தேடிப் போனாள். அவரிடம் உதவி என்று அவள் அதுவரை கேட்டதில்லை.

"நீங்கதான் இனிமே பார்த்துக்கணும். நேருக்கு நேரா எதுவும் கேக்காதீங்க. முகத்தையே பார்க்காதீங்க. கூட நடந்துக்கிட்டே, உங்க பாட்டுக்குப் பேசுங்க. பதில் வராட்டி, வராததையே கவனிக்காத மாதிரி அடுத்ததுக்குப் போயிடுங்க. ஓட்டைப்பல்லி எப்பவும் பக்கத்துல இருக்கட்டும்."

"எனக்கு இதெல்லாம் வருமா?" என்றார் கணக்கு டீச்சர். "நான் வாயைத் திறந்தாலே பிள்ளைங்க நடுங்குதுங்க."

"உங்களை அவ நம்புவா. நீங்க அவளுக்கு எந்த வாக்கும் குடுக்கல, எதையும் மீறவும் இல்ல."

கணக்கு டீச்சர் செய்தார். முதலில் வெடவெடத்துக்கொண்டும், பிறகு ஆசையோடும் செய்தார். தினமும் சாயங்காலம் வந்து, "இன்னைக்குத் தலையாட்டினா", "இன்னைக்கு ஓட்டைப்பல்லி காதுல சொன்னது எனக்கும் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்து என்ன என்று கேன்சல் மிஸ் சொல்லிக் கொடுப்பாள். தான் தாழ்வாரத்தில் வந்தால் வாயாடியின் கிசுகிசுப்பு நின்றுவிடுகிறது என்று கண்டதிலிருந்து, மூன்றாம் வகுப்பு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். நூலகத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனாள். மழையில் அந்தப் பக்கம் சேறாக இருக்கும்.

அந்த வருஷம் முடிவதற்குள் வாயாடி வகுப்பில் ஒரு கணக்குக்கு வாய்விட்டு விடை சொன்னாள். விடை தப்பு. கணக்கு டீச்சர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தப்பான விடைக்குக் கண் கலங்கினார். பெரிய டீச்சர் ஆசிரியர் கூட்டத்தில் அவரைப் பாராட்டிவிட்டு, கேன்சல் மிஸ் பக்கம் திரும்பி, "இதுக்கெல்லாம் ஆரம்பம் போட்டது இவங்கதான்" என்றார்.

"இல்ல மேடம். நான் கெடுத்ததை இவங்க சரி பண்ணாங்க."

எல்லோரும் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் அவள் பெரிய டீச்சரின் அறைக்குப் போய், வேண்டாம் என்று அந்தச் சிறுமி சொன்னதையும், அதைச் சரி என்று தான் மாற்றிச் சொன்னதையும் சொன்னாள். பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும்தானே கேட்டேன், காட்டுன்னு" என்றார் கடைசியில். அதற்குப் பிறகு கமிட்டியோ விருந்தாளியோ யார் வந்தாலும் பிள்ளைகள் இருக்கும்போது அந்த அறைக்குள் அழைத்து வருவதில்லை என்று அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஃபேன் சுவிட்சை ஒரு நாள் நாய்க்குப் பயந்த பையனே எம்பிப் போட்டுவிட்டான். அவள் அணைக்கவில்லை.

வாயாடி நாலாம் வகுப்புக்குப் போன பிறகு ஒரு நாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூக்கில் ரத்தம் வழிய அழுதுகொண்டு வந்தது. கேன்சல் மிஸ் அதைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போக நேரமில்லை. குழாயடியில் வாயாடியும் ஓட்டைப்பல்லியும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டைப்பல்லிக்கு இப்போது பெரிய பற்கள் முளைத்திருந்தன.

"எங்க கடையில ஒரு பூனை குட்டி போட்டிருக்கு, துணி மூட்டைக்குள்ள, அம்மா கண்டுபிடிச்சா அவ்வளவுதான்" என்று வாயாடி சொல்லிக்கொண்டிருந்தாள். கேன்சல் மிஸ்ஸைப் பார்த்தாள். கேன்சல் மிஸ் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளையின் மூக்கைக் கழுவ ஆரம்பித்தாள். பேச்சு இதோ நிற்கப் போகிறது, நின்றுவிடப் போகிறது என்று காத்திருந்தாள்.

"மூணு குட்டி" என்றாள் வாயாடி, தோழியிடம். "ஒண்ணு கறுப்பு. அதுக்குக் கண்ணே திறக்கல இன்னும்."

இருவரும் பாட்டிலை மூடிக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். வாயாடி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பள்ளியை விட்டுப் போகும் வரைக்கும் பேசவும் இல்லை. பூனைக் கதை மட்டும் தாழ்வாரம் முழுக்கப் போய், படிக்கட்டில் ஏறியும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பிடியில் மூக்கு மாட்டிக்கொண்டிருந்த பிள்ளை, "மிஸ், வலிக்குது, அழுத்தாதீங்க" என்றது. அவள் கையைத் தளர்த்தினாள்.